பளபளாவின் வண்டியும் நான் விட்ட குழாயும்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் என் யோக்கியதையும் கூடவே வெளியே வந்துவிடும் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். வந்தால் வரட்டும். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மாமா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புல் வெட்டுகிறவர். கையால் அல்ல, உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியில். அங்கே கட்டடங்களுக்கு நடுவே நாலு புல்வெளிகள் இருக்கின்றன. மூன்று பார்ப்பதற்கு. நாலாவது வேலைக்கு. கால் முறிந்தவர்கள், பக்கவாதம் வந்து தேறுகிறவர்கள் எல்லோரையும் அந்த நாலாவதில்தான் நடை பழக விடுவார்கள். விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. ஆனால் புல் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக வெட்டி வைத்தால், ஏற்கெனவே தடுமாறுகிறவரின் கால் அங்கேதான் போய்த் தட்டும்.

மாமா அந்தக் காலத்தில் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடது முட்டி மடங்காமல் போயிற்று. கொஞ்ச நாள் அதே ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றார். எட்டு மணி நேரம் நிற்பது என்பது அந்தக் காலுக்கு நடக்கிற காரியமா? வேலையை விட்டுவிடலாம் என்று அவர் இருந்த சமயத்தில்தான் இந்த வண்டி வந்து இறங்கியது. தோட்டக்காரர்கள் யாரும் கிட்டே போகவில்லை. மாமா தடியை ஊன்றிக்கொண்டு போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மிதிகள் இரண்டும் வலது பக்கமே இருந்தன. "உக்காந்து செய்யற வேலைன்னா அது எனக்குத்தாங்க" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தவர், ஒன்பது வருஷமாக இறங்கவில்லை.

அந்த வண்டியை அவர் வைத்திருக்கிற அழகு இருக்கிறதே, பச்சைக் குழந்தையை அப்படி வைத்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் வேலை முடிந்ததும் கழுவுவார். துணியால் துடைப்பார். டயருக்குக்கூடத் துடைப்பு உண்டு. டாக்டர்கள் கார் அழுக்காக நிற்கும், இவர் வண்டி மின்னும். அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பளபளா என்று பெயர். நர்ஸ் முதல் கேன்டீன்காரர் வரைக்கும் பளபளாதான். கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

இனி என் கதை. நான் லேத் வேலைக்காரன். முன்பு இருந்த கம்பெனியில் ஃபோர்மேனோடு வாய்த்தகராறு முற்றி, கையிலிருந்த ஸ்பேனரை வீசிவிட்டேன். சுவரில்தான் பட்டது. ஆனாலும் அன்றைக்கே கணக்கு முடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தேன். ஒன்றரை அறை வீடு. பத்து நாள் இருப்பதாகச் சொல்லி வந்தவன், இரண்டு வருஷம் இரண்டு மாதம் இருந்தேன்.

முன்னறையில் இருந்த கட்டிலை மாமா எனக்குக் கொடுத்துவிட்டு, அவரும் அக்காவும் உள்ளே தரையில் படுத்தார்கள். மடங்காத காலோடு தரையில் படுத்து எழுவது எப்படி இருக்கும் என்று நான் அப்போது யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. தினம் வேலையிலிருந்து வந்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "சாப்டியா?" வேலை கிடைத்ததா, எங்கே போனாய், எப்போது கிளம்புகிறாய், எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு ஊர் வம்பு என்றால் அல்வா சாப்பிட்ட மாதிரி. அவர் ஒருநாள் வாசலில் வைத்து, "மச்சினன் இன்னும் கிளம்பலையா?" என்று இழுத்தார். உள்ளே படுத்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. மாமா சட்டென்று, "நான்தாங்க இருக்கச் சொல்லியிருக்கேன். என் கால் இப்படி இருக்குல்ல? வீட்ல ஒரு ஆம்பளை துணை வேண்டாமா?" என்றார். எனக்குத் துணையாக இருந்தவர் அவர். அதைத் தலைகீழாக்கி என் மானத்தைக் காப்பாற்றினார். அவர் சுபாவம் அது. பின்னால் நடந்தது புரிவதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு எனக்கு ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. தனியாக ஜாகை பார்த்துக்கொண்டு போனேன். சில வருஷம் கழித்து, போன வருஷம்தான் சொந்தமாகச் சின்னதாக ஒரு லேத் பட்டறை போட்டேன். பட்டறை திறப்பதற்கு முந்தின வாரம் மாமா கூப்பிட்டார். வண்டியின் இடது பக்க ஸ்பிண்டில் சத்தம் போடுகிறதாம். "மானேஜரம்மா கிட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். உன் கடைக்கு இதுதான் முதல் வேலை" என்றார்.

ஸ்பிண்டில் என்றால் வேறொன்றுமில்லை. வண்டிக்கு அடியில் கவிழ்த்த தட்டு மாதிரி ஒரு பெரிய மூடி இருக்கும். டெக் என்பார்கள். அதில் மூன்று அச்சுகள் நிற்கும். ஒவ்வொரு அச்சும் அதைப் பிடித்திருக்கிற கூடும் சேர்ந்ததுதான் ஸ்பிண்டில். அச்சின் மேல் முனையில் பெல்ட் ஓடுகிற புல்லி, கீழ் முனையில் புல்லை வெட்டுகிற பிளேடு. அச்சு ஆடாமல் சுற்றுவதற்கு மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அளவுக்கு ஒரு எஃகுக் குழாய் அச்சின் மேல் சொருகியிருக்கும். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத சாமான் மாதிரி இருக்கும். ஆனால் மேலே நட்டை முறுக்கும்போது இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெருக்கிக் கொள்ளாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் குழாய்தான்.

அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் வேலை. பட்டறைக்கு ஷட்டர் போடுகிறவன் அளவு தப்பாகச் செய்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஆஸ்பத்திரி ஷெட்டில் உட்கார்ந்து ஒரு கையில் ஸ்பிண்டிலும் ஒரு கையில் போனுமாக அவனை வெளுத்து வாங்கிக்கொண்டே வேலையைச் செய்தேன். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தேன், எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் செய்தித்தாளில் பரப்பினேன், புது பேரிங் போட்டு முடுக்கினேன். சுற்றிப் பார்த்தபோது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். "மாப்ளே, இடது பக்கம் மறுபடியும் ஊளையிடுது." போனேன். நான் போன நேரம் மானேஜரம்மாவும் ஷெட்டுக்கு வந்து நின்றார். ஆஸ்பத்திரி நிர்வாகம் முழுவதும் அவர் கையில்தான். கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிற அம்மா. தரையெல்லாம் ஈரம். மாமா அப்போதுதான் வண்டியைக் கழுவி முடித்திருந்தார். அந்த ஈரத்தைப் பார்த்ததுமே எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

"தினம் தினம் இப்படிக் குளிப்பாட்டினா பேரிங் எப்படி மாமா தாங்கும்? சூடா இருக்கறப்ப தண்ணி அடிச்சா உள்ள இழுக்கத்தான் செய்யும். கிரீஸெல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும். வண்டியை ஓட்டத் தெரிஞ்சா போதுமா, வச்சுக்கத் தெரிய வேண்டாமா?" என்று கத்தினேன். மானேஜரம்மா முன்னால், இரண்டு தோட்டக்காரர்கள் முன்னால், தன் கட்டிலை எனக்குக் கொடுத்த மனுஷனை. பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. கிரீஸ் கன்னால் கொஞ்சம் கிரீஸை அடித்துவிட்டு எழுந்தேன்.

மாமா கையில் வண்டிச் சாவியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். டெக்குக்கு அடியில் யார் கை வைத்தாலும் சாவியை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்வார், வெளியே வருகிற வரைக்கும் கீழே வைக்க மாட்டார். சாவியை ஒரு முறை பார்த்தார், மானேஜரம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்கம்மா. நான்தான் தண்ணி ஊத்திக் கெடுத்துட்டேன். இனிமே கழுவல" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை அவரிடமிருந்து போன் வந்தது. "வேலையா இருக்கேன் மாமா" என்று வைத்துவிட்டேன். சண்டை போட்டது நான், வீம்பும் எனக்கு.

ஒரு மாதம் போயிருக்கும். இந்தத் தடவை கூப்பிட்டது அக்கா. எடுத்த எடுப்பில், "நீ எப்படா வர்ற?" என்றாள். குரல் சரியில்லை. இடது பிளேடு தள்ளாடுகிறதாம். வெட்டின இடமெல்லாம் வரப்பு வரப்பாக நிற்கிறதாம். நாலாவது புல்வெளியில் நடை பழகின ஒருவர் கால் தட்டி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. ஆனால் மானேஜரம்மா முடிவு செய்துவிட்டார்: வண்டியைக் கழித்துவிட்டு ஒண்ணாம் தேதியிலிருந்து வெளியாட்களை விடப் போகிறார்கள். அவர்கள் கையில் பிடித்துத் தள்ளுகிற மிஷினோடு வருவார்கள்.

"நீங்களும் அவங்களோட சேர்ந்துக்கோங்கன்னு சொன்னாங்களாம்" என்றாள் அக்கா. "தள்ளிட்டு நடக்கற வேலைக்கு இவரு எங்கடா போவாரு? வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல. வேலை முடிஞ்சு வந்தா சட்டையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. வண்டியைக் கழுவறதே இல்லையாம். அதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஷெட்டில் இருந்தேன். வண்டி ஒரு மாத அழுக்கோடு நின்றது. டயரில் காய்ந்த புல் அப்பிக் கிடந்தது. மாமா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்றார். சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். கட்டையைக் கொடுத்து நிறுத்தினேன். பிளேடைப் பிடித்து ஆட்டினால் விழப் போகிற பல் மாதிரி ஆடியது. பெல்ட்டைக் கழற்றி, நாலு போல்ட்டை எடுத்து, ஸ்பிண்டிலை வெளியே உருவினேன். பெஞ்சில் வைக்கத் திரும்பியபோது சுவர் ஆணியில் மூன்று தயிர் டப்பாக்கள் தொங்குவதைப் பார்த்தேன். காலி டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

"அது எதுக்கு மாமா?"

"அதுவா? கழுவறப்ப ஸ்பிண்டில் மேல ஒண்ணொண்ணா கவுத்து ரப்பர் போட்டுடுவேன். தண்ணி உள்ள போகக் கூடாதுல்ல. வண்டி சூடு ஆறின பிறகுதான் தண்ணியே திறப்பேன். இப்பதான் கழுவறதில்லையே. சும்மா தொங்குது."

எனக்கு என்னவோ போல் இருந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் கழுவுகிறதை நான் ஒருநாளாவது நின்று பார்த்ததில்லை.

ஸ்பிண்டிலைப் பிரித்தேன். உள்ளே துரு என்பது பேருக்குக்கூட இல்லை. தண்ணீர் போன அடையாளமே கிடையாது. கிரீஸ் கருகிப் போயிருந்தது. பேரிங்கின் உள்வளையங்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அந்த வளையம் இறுகிப் போய் அச்சோடு உராய்ந்து, அச்சையே நகம் நுழைகிற ஆழத்துக்குத் தின்றிருந்தது. இரண்டு பேரிங்குக்கும் நடுவே, குழாய் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்று.

என் முகத்தில் ஈயாடவில்லை. பதினெட்டு வருஷம் லேத்தில் நின்றவன், படிக்கிற பிள்ளைகள் செய்கிற தப்பைச் செய்திருக்கிறேன். குழாயைப் போடாமல் மூடி நட்டை முறுக்கினால் பேரிங் இரண்டும் நெரிபடும். நெரிபட்டால் சூடேறும். சூடேறினால் ஊளையிடும். இதில் தண்ணீருக்கு என்ன வேலை?

"மாமா," என்றேன், அவரைப் பார்க்காமலே. "இதுக்குள்ள ஒரு சின்னக் குழாய் இருந்திருக்கணும்."

அவர் எழுந்து தடியை ஊன்றி வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் வண்டிச் சாவி. சாவியில் ஒரு சணல் கயிறு. கயிற்றில் கோத்திருந்தது அந்தக் குழாய். கை பட்டுப் பட்டு வெள்ளி மாதிரி மின்னியது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் தடவை ரிப்பேர் செய்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவர் போன் செய்தார். ஷெட்டைப் பெருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஒரு குழாய் கிடைத்ததாகச் சொன்னார். ஷட்டர்காரன் எதிரில் நின்றிருந்தான். "பழசா இருக்கும் மாமா, தூக்கிப் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"தூக்கிப் போட மனசு வரல," என்றார் மாமா. "நல்ல எஃகா இருக்கே, சாவி தொலையாம இருக்கட்டும்னு கோத்துக்கிட்டேன்."

அப்படியென்றால் நான் எல்லோர் முன்னாலும் கத்தின அன்றைக்கு இது அவர் கையிலேயே இருந்திருக்கிறது. அவர் சாவியைக் குனிந்து பார்த்தது என் கண் முன்னால் வந்து நின்றது.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு எப்படிச் சொல்றது? இதுவா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். உன்னைத் தனியா கேக்கலாம்னு போன் பண்ணேன். நீ பேச விட்டாத்தானே?"

"அப்பவே அங்கேயே கேட்டிருக்கலாமே மாமா!"

"மானேஜரம்மா நின்னுட்டிருந்தாங்க. கடை திறந்து ரெண்டு மாசம் ஆகியிருக்கு. முதல் வேலையிலயே சாமானை விட்டுட்டு மூடிட்டான்னு அவங்க வாயில வந்துடுச்சுன்னா, உன்கிட்ட எவன் வேலை கொடுப்பான்? நான் தண்ணி ஊத்தினேன்னு சொன்னா எனக்கு என்ன ஆயிடப் போகுது, ரெண்டு திட்டு. வண்டியைக் கழிக்கற அளவுக்குப் போகும்னு நினைக்கல."

இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன். கத்துகிறவனுக்கு அழத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டுப்போன அச்சை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன்.

புது அச்சு வாங்கலாம் என்றால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஒண்ணாம் தேதிக்கு இருந்தது நாலு நாள். நல்ல எஃகுத் தண்டு ஒன்றை லேத்தில் மாட்டினேன். போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டேன். பழைய அச்சில் தேயாத இடத்தை அளந்து, அதே அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தேன். பேரிங் உட்காருகிற இடம் தலைமுடி அளவு குறைந்தால் ஆடும், கூடினால் ஏறாது. முதல் தண்டில் அளவு குறைந்துவிட்டது. தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு இரண்டாவதை மாட்டினேன். யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை என்பதும் உண்மைதான்.

மூன்றாம் நாள் காலையில் ஷெட்டில் உட்கார்ந்து, புது பேரிங்குகளோடு ஸ்பிண்டிலைப் பூட்டினேன். கீழ் பேரிங். அப்புறம் மாமா சாவியிலிருந்து கயிற்றை அவிழ்த்து அந்தக் குழாயைக் கொடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, அச்சில் சொருகினேன். மேல் பேரிங், புல்லி, நட்டு. விரலால் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நல்ல ஸ்பிண்டில் எப்படிச் சுற்றும் என்று முதல் தடவையே எனக்குத் தெரியும். அன்றைக்கு என் கவனம் ஷட்டரில் இருந்தது.

மாமா வண்டியை நாலாவது புல்வெளிக்கு ஓட்டிப் போனார். நான் மானேஜரம்மா அறைக்குப் போனேன்.

"வண்டி தயார் மேடம். நீங்க வந்து பாக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவர் தண்ணி ஊத்தினதுல எதுவும் கெடல. நான் ஒரு சாமானைப் போடாம மூடிட்டேன். தப்பு முழுசா என்னோடது."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கண்ணில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப அவரை அந்தக் கத்து கத்தினீங்களே?"

"ஆமா மேடம். பிரிச்சுப் பாக்காமலே கத்தினேன்."

"அவரும் நான்தான்னு ஒத்துக்கிட்டாரே?"

"அவர் அப்படித்தான் மேடம்."

மானேஜரம்மா எழுந்து என்னோடு வந்தார். வழியில் நின்ற ஒரு காலி சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு வந்தார். மாமா நாலு வரிசை வெட்டி முடித்திருந்தார். மானேஜரம்மா நாற்காலியைப் புல்லின் குறுக்கே, வரிசைக்கு வரிசை, அந்தக் கோடிவரை தள்ளிப் பார்த்தார். திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார். நானும் மாமாவும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் போல நின்றோம்.

"எங்கேயும் தட்டல," என்றார். "ஒண்ணாம் தேதி வரச் சொன்னவங்களை வர வேண்டாம்னு சொல்லிடறேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. பிரிச்சுப் பாத்துட்டு அப்புறம் கத்துங்க." போகிறபோது வண்டியின் டயரைப் பார்த்து முகம் சுளித்தார். "பளபளா, என்ன இது இவ்வளவு அழுக்கு? கழுவறதில்லையா?"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேலை நிலைத்ததற்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. வண்டியை ஷெட் வாசலில் நிறுத்தி, சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, ஆணியிலிருந்து மூன்று தயிர் டப்பாக்களையும் எடுத்துக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டார். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்று முழுசாகப் பார்த்தேன். பிறகு துணியை வாங்கி டயரை நானே துடைத்தேன்.

முடித்ததும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தின்னப்பட்ட பழைய அச்சின் நல்ல பாகத்திலிருந்து வெட்டி, அதே நீளத்துக்குக் கடைந்து துளை போட்ட ஒரு சின்னக் குழாய். "சாவிக்கு," என்றேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் அவர் வீட்டை விட்டுக் கிளம்பின அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்ல நினைத்தேன். "மாமா, நீங்க எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் குழாயை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்து ஸ்டூலில் வைத்தார்.

"சாப்டியா?" என்றார்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"இல்ல மாமா," என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.